சீனி போடாத ஜூஸ்

9-6-75, திங்கள்

காலையிலேயே கச்சான் காத்து. கண்ணெல்லாம் மண்ணு. லீவு கேட்டேன், கிடைக்கலை. வலது கால் பெருவிரல் புண் ஆறக் காணோம், கருத்துக்கிட்டே வருது. செருப்பு வாரை அறுத்துவிட்டு நடக்கேன்.

டாக்டர் சொன்னது, மறக்காம இருக்க:
சீனி, வெல்லம், கருப்பட்டி கூடாது.
பழச்சாறும் வேண்டாம்.
காயைத் தோலோட திங்கணும்.
வெள்ளிக்கிழமை மூத்திர டெஸ்ட். அதுல சரியில்லைன்னா விரலை எடுக்கணும்.

மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தா பீர்க்கங்காய்த் தோல் துவையல், வாழைக்காய்த் தோல் பொரியல். சாயங்காலம் புஷ்பத்துக்கிட்ட கேட்டேன், "காய் எங்க ஏளா?"

"தோல்லதான சத்துன்னு டாக்டர் சொன்னாரு? காயை நானும் பிள்ளையளும் தின்னுட்டோம்."

தோலோடன்னு சொன்னா தோலை மட்டும் குடுக்கா. இவகிட்ட என்னத்தைச் சொல்ல. அசதி. படுத்துட்டேன்.

10-6, செவ்வாய்

ஹார்பர்ல உப்புக் கப்பல். மூடை எண்ணி எண்ணிக் கண்ணு பூத்துப்போச்சு. நாக்கு வறண்டு ஒட்டுது. மூடைக் கணக்கு எழுதுற டாலி தாள் பின்பக்கம் சும்மா எழுதிப் பாத்தது:

தோல் – நாரு உண்டு. வயிறு நிறையும், சீக்கிரம் பசிக்காது. தாடை வலி. பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பாத்துச் சிரிக்கான்.
சாறு – சக்கை போயிரும், இனிப்பு மட்டும் நிக்கும் (டாக்டர்). ஆனா நோயாளிக்கு ஊரே குடுக்கது அதைத்தான். தெம்பு. தாகம் அடங்கும். ரெண்டே மடக்கு.

வேலை முடிஞ்சு கேட் பக்கத்து ஜூஸ் கடை. "அண்ணாச்சி, சாத்துக்குடி ஒண்ணு. சீனி போடாதீங்க."

சீனிதான் போடலையே. அப்ப ஒண்ணும் செய்யாது. குடிச்சதும் உசுரு வந்த மாதிரி இருந்துச்சு.

11-6, புதன்

ரெண்டு கிளாஸ். திராட்சை. சீனி இல்லாமத்தான்.

வீட்டுக்கு வந்தா ஏரல்லருந்து எங்க அக்கா வந்திருக்கா. என் தட்டைப் பாத்துட்டு புஷ்பத்தைப் பிடிச்சுக்கிட்டா. "நோயாளி மனுஷனுக்கு ஒரு சாறு பிழிஞ்சு குடுக்க வழியில்லையா? குப்பையில போடுறதையா குடுப்பா? நல்ல பொண்டாட்டிதான் வாய்ச்சிருக்கா!"

பு. அம்மியில துவையல் அரைச்சா, அரைச்சா, அரைச்சுக்கிட்டே இருந்தா. நான் வாயைத் திறக்கலை. திறந்தா திராட்சை வாசம் அடிக்குமோன்னு பயம்.

12-6, வியாழன்

காத்து நிக்கலை. கால் வீக்கம். சோப்பு வாங்கணும். சாத்துக்குடி, ஒண்ணுதான். நாளையிலருந்து கிடையாது.

13-6, வெள்ளி

கம்பவுண்டர் கண்ணாடிக் குழாயைச் சூடு காட்டினார். நீல மருந்து செங்கல் நிறமா மாறிச்சு, சீனி ரொம்பக் கூடன்னு அர்த்தம். பு. பக்கத்துல நின்னு வாயில முந்தானையை வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா.

டாக்டர் அவ மேலதான் பாஞ்சார். "அம்மா, என்ன குடுக்கீங்க இவருக்கு? காலை வாங்கவா பாக்கீங்க?"

"தோலுதான் டாக்டர். வெறும் தோலு."

"பழச்சாறு?"

"கண்ணுலயே காட்டலை."

"பொய் சொல்லாதீங்கம்மா!"

பெஞ்சு நிறைய ஆளு. எல்லாரும் அவளைப் பாத்தாங்க. நான் தரையைப் பாத்தேன். திங்கக்கிழமை விரலை எடுக்காங்க.

முத்தையாபுரம் பஸ்ஸுல வீட்டுக்கு வந்தோம். இறங்கினப்புறம் பு. சொல்லுதா: "தோல்ல என்னமோ கெட்டது இருக்கும் போல. எனக்குத் தெரியாமப் போச்சே. உங்க விரலை நான்தான் எடுத்துட்டேன்."

"சே, அப்படியெல்லாம் இல்ல"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

14-6, சனி

அரை நாள் வேலை. ஜூஸ் கடைப் பக்கம் போகலை. வீட்டுல பு. நேத்திலருந்து பச்சைத் தண்ணி குடிக்கலையாம், பிள்ளைங்க சொல்லுதுங்க. எனக்கு மட்டும் ராகிக் கஞ்சி. காலோட போகாம விரலோட போனா மாதா கோயில்ல மொட்டை போடுறதா நேர்ந்திருக்கா. இடுப்பு வரை முடி அவளுக்கு.

இதுக்கு மேல முடியலை. சொல்லிட்டேன். சீனி போடலை, அதனால ஒண்ணும் செய்யாதுன்னு நினைச்சேன்னு.

அழுவான்னு பாத்தேன். அழலை. "எத்தனை கிளாஸ்?"

"நாலு."

கஞ்சிச் சட்டியை மூடி வச்சா. "சேலை மாத்திட்டு வாரேன். கிளம்புங்க."

"எங்க?"

"என்னைப் பேசின இடத்துக்கு."

கால் வலிக்குதுன்னேன். "வலிக்கட்டும்"னா.

சாயங்காலக் கூட்டம். பெஞ்சுல இடமில்ல. டாக்டர் நிமிர்ந்து, "திங்கக்கிழமைதான வரச் சொன்னேன்?"

"இவுக உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வச்சார். விரல் எப்படியும் போகும்னார்.

"பெஞ்சுல உள்ளவங்களுக்குக் கேக்கலை"ன்னா பு. "சத்தமாச் சொல்லுங்க."

திரும்பி நின்னு மறுபடியும் சொன்னேன்.