வீச்சு என்று நாம் எழுதிய சொல்

இன்று காலை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரோஜா நிறக் கட்டம் போட்ட அந்தத் தாளை டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அலையோட உயரம் கொஞ்சம் கம்மியா இருக்குங்க ஐயா. பயப்படாதீங்க, நாளைக்கு எக்கோ எடுத்துப் பாத்துடலாம்" என்றார். அவர் பயப்படாதீங்க என்ற பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. தாளின் ஓரத்தில் ஆங்கிலத்தில் 'ஆம்ப்ளிடியூட்' என்று அச்சாகியிருந்தது. நீ இறந்துபோய் மூன்று வருஷமாகிறது. இந்தச் சொல்லைக் காட்ட எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஆட்சி மாறிய புதிதில், கல்லூரியிலும் தமிழிலேயே பாடம் என்று அறிவித்தார்கள். நாம் இருவரும் இயற்பியல் துறையில் தற்காலிக ஆசிரியர்கள், ஒரே அறைவாசிகள். கலைச்சொல் பட்டியல் தயாரிக்கும் வேலை நம் தலையில் விழுந்தது. உங்கள் தெருவிலிருந்து கல்லூரி வேலைக்கு வந்த முதல் ஆள் நீ. உன் அண்ணன் அப்போதும் பண்ணையின் வயலில் கூலிக்குத்தான் அறுத்துக்கொண்டிருந்தார்.

மற்ற சொற்களெல்லாம் மளமளவென்று முடிந்தன. ஆம்ப்ளிடியூடில் மாட்டிக்கொண்டோம். ஊசல் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் எவ்வளவு தூரம் விலகுகிறது என்பது இயற்பியலில் அதன் பொருள். கணக்கில் கலப்பெண்ணின் கோணத்துக்கு அதே பெயர். வானியலிலோ, சூரியன் நேர்கிழக்கிலிருந்து எவ்வளவு தள்ளி உதிக்கிறது என்பதற்கும் அதுவே. நான் 'விரிவு' என்றேன். நீ 'வீச்சு' என்றாய்.

"கோணத்துக்குப் போயி வீச்சுன்னா பிள்ளைங்க குழம்பாதா?"

"வலை வீசறான், அரிவாள் வீசறான், காத்து வீசுது. எந்தப் பிள்ளை குழம்புச்சு? எங்கேருந்து அளக்கறோம்னு சொல்லிக் குடு பாய், போதும்."

முடிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டியலை எடுத்துக்கொண்டு கீழ்வேளூர்ப் பக்கம் உன் ஊருக்குப் போனோம். தை அறுவடை. கூலித் தகராறில் உங்கள் தெரு ஆட்கள் வயலில் இறங்காமல் இருந்தார்கள். கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது.

பத்து மணி இருக்கும். வயலோரத்து உன் வீட்டுக்குள் பட்டியலோடு உட்கார்ந்திருந்தோம். டிராக்டர் சத்தம் கேட்டது. பண்ணையின் காரியஸ்தர் வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். உன் அண்ணனும் நாலைந்து பேரும் ஓடிப்போய் வரப்பில் குறுக்கே நின்றார்கள். நீ பேனாவை மூடி என் கையில் கொடுத்தாய். "வெளில வராதே" என்று சொல்லிவிட்டு ஓடினாய். நானும் வரவில்லை. நீ சொன்னாய் என்பதற்காக அல்ல, கால் எழவில்லை. வாசல் தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

பேச்சு ஏறிக்கொண்டே போனது. காரியஸ்தர் அரிவாளைத் தோளுக்கு மேல் தூக்கினார். உன் அண்ணன் நகரவில்லை. நீ நடுவில் புகுந்தாய். வீச்சு உன் வலது தோளில் இறங்கியது. வெட்டியவர் பின்வாங்கி டிராக்டரில் ஏறிக்கொண்டார். அதன் பிறகுதான் நான் வெளியே வந்தேன். உன்னை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது உன் தலை என் மடியில் இருந்தது. என் சட்டை நனைந்துகொண்டே வந்தது.

மறுநாள் போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தது. உங்கள் ஆட்களையும் டிராக்டரில் வந்தவர்களையும் தவிர நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டுக் கீழ்வேளூர்க் கடைவீதியில் எங்கள் மளிகைக் கடைக்குப் போனேன். பண்ணை வீட்டுச் சாமானெல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போகும்.

"நீ கண்ணால பாத்தியா?" என்றார் வாப்பா.

"பாத்தேன் வாப்பா."

எழுந்து கடையின் ஒரு கதவைச் சாத்தினார். பிறகு, "பாத்ததைப் பாக்கலேன்னு சொல்ல நான் உன்னைப் படிக்க வைக்கல. ஆனா எனக்கு நெஞ்சு படபடங்குதுடா" என்றார்.

வார்டுக்குத் திரும்பி வந்து, பயமாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "சொல்லிட்டு பயப்படு பாய்" என்றாய். சொன்னேன். சொல்லிவிட்டு மாதக்கணக்கில் பயந்தேன். பஸ் ஸ்டாண்டில் யாராவது இரண்டு முறை பார்த்தால் வேறு பஸ் ஏறினேன்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் நம் சொல்லையே பிடித்துக்கொண்டார். "என் கட்சிக்காரர் அரிவாளை ஓங்கினார், அவ்வளவுதான். அந்த ஆள்தான் ஓடி வந்து அதில் விழுந்தார். வீசியதை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். தோளுக்கு மேலிருந்து முழு வீச்சாக இறங்கியது" என்றேன்.

காரியஸ்தருக்குத் தண்டனை கிடைத்தது. அனுப்பியவர்கள் பெயர் வழக்கிலேயே வரவில்லை. எனக்குக் கல்லூரியில் வேலையை நீட்டிக்கவில்லை; ஒரத்தநாட்டில் பள்ளிக்கூட வாத்தியாரானேன். வாப்பா கடையை மூடிவிட்டு வேதாரண்யத்துக்குப் போனார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. உன் கை தோளுக்கு மேல் எழவில்லை. கையின் இயக்க வீச்சு பாதிதான் திரும்பும் என்று டாக்டர் சொன்னபோது, "இதுக்கும் அதே பேருதானா!" என்று கேட்டு நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிவரை நீ கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதினாய். பாடப்புத்தகம் வந்தபோது ஊசலுக்கும் கோணத்துக்கும் வீச்சு என்றே போட்டிருந்தார்கள்.

நீ போவதற்கு ஒரு மாதம் முன்பு பார்க்க வந்தேன். ஐம்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். "அன்னிக்கு உனக்குப் பயமே இல்லியாடா?"

"இல்லாமயா? அரிவாளைப் பாத்ததும் திரும்பி ஓடத்தான் பாத்தேன். திரும்பினா, தட்டி இடுக்குல உன் வெள்ளைச் சட்டை தெரிஞ்சுது. நீ பாத்துக்கிட்டிருந்தே. அதான் ஓடல."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். நான் அங்கே நின்றதற்கு நன்றி சொன்னாயா? நான் பார்க்காமல் இருந்திருந்தால் உன் தோள் தப்பியிருக்கும் என்றாயா? கேட்க வாயெடுத்தேன். பதிலை நினைத்துப் பயந்து மூடிக்கொண்டேன். அந்தக் கேள்வியைத்தான், நண்பா, இன்னும் வைத்திருக்கிறேன்.