அதிகாரி பார்க்க வந்த ஊர்க்கூடம்

என் தங்க மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. முறைப்படி ஆரம்பித்தாயிற்று, மீதியை நீ உட்கார்ந்து நிதானமாகப் படி. குட்டிக்குப் பல் முளைக்கிறது என்றாயே, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்க விடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

தெருக்கோடியில் இருக்கும் நம் ஊர்க்கூடம் பற்றித்தான் இந்தக் கடிதம். கூடத்தைச் சீர்படுத்தக் கவுன்சில் பணம் தருகிறது என்று அறிவிப்பு வந்ததும், எங்கள் கமிட்டி விழுந்தடித்துக்கொண்டு விண்ணப்பம் போட்டது. ஒழுகுகிற கூரை, சாத்த முடியாத கழிப்பறைக் கதவு, இவற்றோடு வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம். அந்தக் கடைசி ஒன்று நான் சண்டை போட்டுச் சேர்த்தது. யாருக்காக என்று உனக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு காலை எடுத்த பிறகு உன் அப்பா அந்தப் படி ஏறவே இல்லை. பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்போடு தினம் அங்கே போய்க் கேரம் ஆடி, கூடத்தையே இரண்டாக்கிய மனுஷன் இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவன் கியர் மாற்றுகிற லட்சணத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். புதுக்கால் போட்டு ஜோராக நடக்கிறேன் என்று உன்னிடம் போனில் அளக்கிறாரே, அதற்குப் பிறகு வருகிறேன்.

கூடம் எந்த நிலைமையில் இருக்கிறது என்று நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவ்வளவுதான், எங்கள் ஆட்களுக்குக் கை கால் ஓடவில்லை. கமிட்டித் தலைவர் நம் பேக்கரிக்காரர்தானே, ஒரு பெரிய மனுஷி வரும்போது இடம் இப்படியா நாறிக்கிடப்பது என்று குதித்தார். உடனே ஈரம் படிந்த சுவருக்கு வெள்ளையடித்தார்கள். வெல்டர் வந்து கழிப்பறைக் கதவை எப்படியோ முட்டுக் கொடுத்து நிறுத்தினார். ஒழுகுகிற இடத்தில் தார்ப்பாய் போட்டு, அது தெரியாமல் அழகாக ஒரு துணி கட்டினார்கள். நான் மட்டும் சளைத்தவளா? நம் வீட்டு நல்ல திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டினேன். ஓட்டையைக் காட்டிப் பணம் கேட்க வேண்டிய நாளில் ஓட்டையை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று ஒருத்தருக்காவது உறைத்ததா? எனக்கும்தான் உறைக்கவில்லை, போ.

அப்பாவை முன்கூட்டியே நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கேரம் பலகைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, கால் இல்லாதது தெரியாமல் மடியில் ஒரு துண்டு. அதிகாரி சின்னப் பெண், உன் வயசு இருக்கும். சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாகப் பராமரிக்கிறீர்களே என்று மனம் விட்டுப் பாராட்டினாள். பேக்கரிக்காரருக்கு வாயெல்லாம் பல். பிறகு சாய்தளம் யாருக்கு என்று கேட்டாள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் சிரித்துக்கொண்டே, அட எனக்கா, நான் தினமும்தான் வர்றேன், ஒரு சிரமமும் இல்லையேம்மா என்றார். எனக்கு அந்தக் கேரம் பலகையை எடுத்து அவர் தலையிலேயே போடலாமா என்று இருந்தது.

கூடம் நல்ல நிலையில் இருப்பதால் பணம் வேறு ஊருக்குப் போகலாம் என்று பதில் வந்தது. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாமாம். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது அவராகவே சொன்னார். அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் நம்ம மகள் மாதிரி தோணிச்சு, பாவம்னு அவ என்னைப் பார்த்துடக் கூடாதேன்னு இருந்துச்சு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு மேல் எங்கே சண்டை போடுவது?

அதிகாரியிடம் தினமும் வருகிறேன் என்று வாய்விட்டுவிட்டாரே, அதைப் பொய்யாக்கக் கூடாதாம். மறுநாளிலிருந்து சாயங்காலமானால் கூடத்துப் படி வரைக்கும் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். தூக்கி வைக்கிறோம் என்றால், நான் என்ன மூட்டையா என்கிறார். பலகையை வெளியே கொண்டுவருகிறோம் என்றாலும் ஒப்பவில்லை. உள்ளே ஆடுகிறவர்கள் காய் எங்கே இருக்கிறது என்று கத்துவார்கள், இவர் கீழே இருந்து எப்படி அடிப்பது என்று கத்துவார். கேட்டால் சிரிப்பாக இருக்கும். பார்த்தால் அப்படி இருக்காது.

பொறுக்க முடியாமல் நானே கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். நீங்க பார்த்தது எங்க கூடத்தை இல்லம்மா, எங்க வறட்டு கௌரவத்தை, ஒரு மழை நாளில் யாருக்கும் சொல்லாம வந்து பாருங்க என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன். எங்க அம்மாவும் இப்படித்தான், நான் போறேன்னா வீட்டையே தலைகீழாக்கிடுவாங்க என்று சிரித்தாள்.

சொன்னபடி கொட்டுகிற மழையில் வந்தாள். உள்ளே போக விடாமல் வாசலிலேயே அப்பா. சக்கர நாற்காலியில், குடையைப் பிடித்துக்கொண்டு, சிவப்புக் காயை விடாதே என்று ஜன்னலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். தினமும் வர்றேன்னு சொன்னீங்களே ஐயா என்று கேட்டாள். ஆமாம்மா, இதுவரைக்கும் வர்றேன் என்றார். அவள் படியையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய் வாளி வாளியாகப் பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனாள். கூரைக்கும் சாய்தளத்துக்கும் பணம் கிடைத்துவிட்டது. கழிப்பறை அடுத்த வருஷம். நேற்று மண் கொட்டியிருக்கிறார்கள். சரிவு ரொம்பச் செங்குத்து, இப்படிப் போட்டால் வண்டி திணறும் என்று அப்பா இப்போதே மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்கிறார்.

சக்கர நாற்காலியா என்று நீ திடுக்கிட்டிருப்பாய். ஆமாம். புதுக்கால் உரசிப் புண்ணாகி, அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நீ வீடியோ காலில் கூப்பிட்டாலே சோபாவுக்கு மாறி உட்கார்ந்துகொள்வார். சக்கரம் உன் கண்ணில் படக் கூடாதாம். எழுதாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எழுதிவிட்டேன், என்ன செய்வாராம்?

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உனக்கு லீவு கிடைக்கும்போது வந்தால் போதும், அவசரமில்லை. ஆனால் டிக்கெட் எடுத்ததும் எங்களுக்குச் சொல்லாதே. வந்து கதவைத் தட்டு. பகலில் நான் தையல் வகுப்புக்குப் போயிருப்பேன், அப்பாதான் வந்து திறக்க வேண்டும். கொஞ்சம் நேரமாகும். பொறுமையாக நில்லு, கண்ணு.

ஆசிகளுடன்,
அம்மா