வெள்ளையில் வெள்ளை எழுத்து

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நானும் அப்பாவும் நலம், நீயும் மருமகளும் குழந்தையும் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. கடையில்தான் போன் அடித்து ஐந்து வாரம் ஆகிறது. ஊரிலுள்ள தையல் மெஷின் எல்லாம் ஒரேயடியாகத் திருந்திவிட்டதா என்று அப்பாவிடம் கேலி பேசிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, நீ வெளிநாடு போகும் முன் நம் கடைக்குப் போட்டுக் கொடுத்த இணையப் பக்கத்தைத் தேடல் கம்பெனிக்காரர்கள் தங்கள் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். மெஷின் ரிப்பேர் என்று தேடினால் யார் யாரோ வருகிறார்கள், நாம் இல்லை.

பிரவுசிங் சென்டர் பெண்தான் அவர்கள் அனுப்பிய கடிதத்தைப் படித்துச் சொன்னாள். பக்கத்தில் எழுத்தை ஒளித்து வைத்திருக்கிறீர்கள், அதை எடுத்துவிட்டு, செய்ததை ஒப்புக்கொண்டு எழுதினால் மறுபடி பார்க்கிறோம் என்று இருந்ததாம். நாங்கள் என்னத்தை ஒளித்தோம் என்று அவளிடம் சண்டைக்கே போனேன். அவள் பக்கத்தின் அடியில் மவுசை அழுத்தி இழுத்தாள். வெறும் வெள்ளையாகக் கிடந்த இடம் நீலமாகி, வெள்ளையில் வெள்ளையாக ஒளிந்திருந்த எழுத்து வரிசையாகத் தெரிந்தது. ஊசிக்காரர் கடை, ஊசிக்காரர் கடை என்று நாற்பது தடவை. விரல் வைத்து எண்ணினேன். அந்தப் பெயரை யார் தேடினாலும் நம் பக்கம் முன்னால் வந்து நிற்பதற்கான தந்திரமாம் அது.

ஊசிக்காரரின் மெஷின் ரிப்பேர் கடையைத் தேடியவர்களை ஆறு வருஷம் நம் வாசலுக்குத் திருப்பியிருக்கிறாய். அம்மாவுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்திருப்பாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கைராசிக்கு வருகிற கூட்டம் என்றல்லவா பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஒரே பட்டறையில், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என்னோடு தொழில் படித்தவர் அவர். நீ மாமா என்று கூப்பிட்டவர். போன வருஷம் கடையை மூடியபோது, மனுஷனுக்குக் கையில் வேகம் போய்விட்டது என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். அந்த வாயை இப்போது எதைக் கொண்டு கழுவுவது என்று தெரியவில்லை.

நேற்று அவர் வாட்ச்மேனாக இருக்கும் மருந்துக் கிடங்குக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அப்போ என் கடையத் தேடுனாங்களாக்கா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். யாருமே தேடலைன்னு நெனச்சுல்ல மூடுனேன் என்றார். அதற்குள் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது, கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

யாரோ ஏஜென்ட் செய்த தப்பு, எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனிக்கு எழுதுங்கள், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்கிறாள் அந்தப் பெண். முழுப் பூசணிக்காயை இன்னொரு தடவை சோற்றில் மறைக்க என்னால் ஆகாது. நம் வீட்டில்தான் செய்தோம் என்றே எழுதப் போகிறேன். பாஸ்வேர்டை உடனே அனுப்பு, அந்த நாற்பதையும் எடுக்க வேண்டும். கம்பெனி மன்னித்தாலும் மன்னிக்கும். ஊசிக்காரருக்கு நீதான் எழுத வேண்டும்.

குழந்தைக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். மாமாவுக்கு எழுதும்போது, கண்ணா, கறுப்பு மையில் எழுது.

உன் அம்மா