மூன்று ரோபோக்களும் சி சீட்டும்

3-6-1987, புதன்

பதினொரு மணிக்குப் போன கரண்ட் மூன்று மணிக்கு வந்தது. வேலை நடக்கவில்லை. கரண்ட் இருந்திருந்தாலும் நடந்திருக்காது, அது வேறு விஷயம். எந்த ஆபீஸ் என்று இந்த டைரியில்கூட எழுத மாட்டேன். யாராவது படித்துத் தொலைத்தால் மெமோ எனக்குத்தான்.

மதியம் ஹுசைன் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். எதிரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினதாம். உள்ளே ஒரு இங்கிலீஷ் புத்தகம், இரண்டு பகடை. காய் கிடையாது, கட்டம் கிடையாது. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு வாயாலேயே கதையை நடத்த வேண்டுமாம். விண்வெளிக் கப்பல் கதை. என்ன நடக்கிறது என்று ஹுசைன் சொல்வான், என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும், பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

"கேப்டன், டாக்டர், இன்ஜினியர், ரோபோ. யாருக்கு எது வேணும்?"

"கேப்டன் தப்பு பண்ணா இன்னா ஆவும்?" என்றார் ஹெட் கிளார்க் ராஜாராம் சார்.

"விசாரணை வரும் சார்."

"ரோபோ தப்பு பண்ணா?"

"ரோபோவுக்கு ஏது சார் தப்பு? மனுசன் சொன்னா செய்யும். சொல்லலன்னா சும்மா நிக்கும்."

ராஜாராம் சார், டைப்பிஸ்ட் அரங்கநாதன், நான் — மூன்று பேரும் ஒரே மூச்சில் சொன்னோம்: எனக்கு ரோபோ.

4-6-87

ரோபோக்களுக்குப் பெயர் வைத்தோம். சார் ஒன்று, அரங்கநாதன் இரண்டு, நான் மூன்று. சீனியாரிட்டிப்படி. சர்வீஸ் ரெஜிஸ்டரை எடுத்து இரண்டு தடவை சரிபார்த்தோம். அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

8-6-87, திங்கள்

சிங்கவரம் ராஜம்மாள் இன்றைக்கும் வந்திருந்தார். மகள் தனகோட்டிக்கு வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வருமானச் சான்று முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவளுக்கு. மனு கொடுத்து ஏழு வாரம் ஆகிறது.

மனு, சான்று மனுக்களைப் பார்க்கும் சி சீட்டு கிளார்க்கின் மேஜை டிராயரில் இருக்கிறது. சி சீட்டுக்காரர் ஏப்ரலில் ரிட்டயர் ஆகிவிட்டார். புது ஆள் வரவில்லை. அதுவரை நீ பார் என்று யாருக்கும் ஆர்டர் வரவில்லை. டிராயர் சாவி என்னிடம்தான். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி ஆர்டர் உண்டு. திறக்கச் சொல்லி இல்லை.

"ஆள் வரட்டும்மா."

"எப்ப சார் வருவாரு?"

"மேல எழுதிக் கேட்டிருக்கோம்."

பொய் இல்லை. மே மாதம் ஒரு கடிதம் போட்டோம். எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் ராஜகிரிக் கோட்டையைப் பிடித்தவன்கூட எங்கள் ஆபீசில் ஒரு மனுவைப் பிடித்திருக்க மாட்டான்.

10-6-87

ஆட்டம் ஒருவழியாக ஆரம்பித்தது. ஹுசைன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "கப்பல்ல காத்து கசியுது. நாப்பது பயணிங்க பெட்டிக்குள்ள தூங்கறாங்க. ஒரு வால்வ திருகி மூடணும். இன்னா பண்றீங்க?"

ஒன்று: "உத்தரவுக்குக் காத்திருக்கேன்."

இரண்டு: "நானும்."

மூன்று: "ஒன்று, இரண்டு சொன்னதைக் கவனித்தேன்."

"யோவ், உத்தரவு போட கப்பல்ல மனுசனே இல்லியே!"

அது எங்கள் தவறு இல்லை என்று சார் விளக்கினார். ஒரு நோட்டு தயாரிக்கலாம் என்றார். பொருள்: காற்றுக் கசிவு, தக்க ஆணை வேண்டி. ஹுசைன் தலையில் கை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினான். இப்படி ஒரு கும்பலை அந்தப் புத்தகம் எழுதினவன் கண்டிருக்கவே மாட்டான்.

12-6-87

கசிவு தொடர்கிறது. நோட்டு மூன்று பேரிடமும் சுற்றி வந்தது. மூவரும் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டோம்.

15-6-87, திங்கள்

ஹுசைனுக்குப் பொறுமை போய்விட்டது. வராந்தாவில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்த ராஜம்மாளைப் போய்க் கூப்பிட்டான்.

"யம்மா, இது ஒரு கப்பல். அதுல நாப்பது பேர் தூங்கறாங்க. நீ மட்டும் மூச்சு முட்டி எழுந்துட்ட. எதிர்ல மூணு ரோபோ நிக்குது. மனுசி நீ சொன்னா கேட்டே ஆவணும். காத்து போற ஓட்டைய மூடச் சொல்லு."

"இவங்களா? நான் சொன்னா கேப்பாங்களா?"

"சட்டம்மா. புக்குல போட்டிருக்குது."

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் ராஜாராம் சாரைப் பார்த்து, "டேய் ஒண்ணு, எழுந்துர்றா!" என்றார்.

சார் எழுந்துவிட்டார். இருபத்திரண்டு வருட சர்வீஸ்!

"ரெண்டு, வெளக்கப் புடி. மூணு, நீ போயி திருவு."

பகடை உருட்டினேன். பதினொன்று. வால்வு மூடிக்கொண்டது. ஐந்து நாள் கசிவு அரை நிமிடத்தில் தீர்ந்தது. அரங்கநாதன் விசிலே அடித்துவிட்டான்.

ராஜம்மாள் போகவில்லை. "ஏன் மூணு, நான் எழுந்துக்கலன்னா?" என்றார் என்னைப் பார்த்து.

"நாப்பது பேரும் செத்திருப்பாங்க."

"நீ இன்னா பண்ணினு இருந்திருப்ப?"

"நான் ரோபோம்மா. ஆர்டர் இல்லாம..."

"கை இருக்குது இல்ல உனக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். விளையாட்டில்தான் கேட்டார். தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். நான் அதற்கப்புறம் ஒரு பேப்பரைக்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை.

19-6-87

நாலு நாளாக ராஜம்மாளைக் காணோம். நிம்மதி.

பொய்.

22-6-87, திங்கள்

ஹுசைன் சிங்கவரம் பக்கம் ஒரு ரேடியோவைக் கொடுக்கப் போயிருந்தானாம். ராஜம்மாள் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்ததாம். பக்கத்து வரிசையில் தனகோட்டி. "ஆபீசுக்கு நடந்து கூலி போனதுதான் மிச்சம். இனிமே இவளும் என்கூடவே வரட்டும்" என்று அந்தம்மா சொன்னதாம்.

ப்ளஸ் டூவில் எண்ணூத்திச் சொச்சம் மார்க் வாங்கின பெண்.

சாவி என் சட்டைப் பையில் இருக்குது. டிராயர் என் நாற்காலிக்கு ரெண்டு முழம் தள்ளி இருக்குது. இதுல நான் கப்பல் வுட்டுனு இருக்கேன்! இன்னா ஜென்மம்டா நீ, விநாயகம்? மெமோ வந்தா இன்னா, கழுத்தையா சீவிடுவான்? — சீவ மாட்டான். இன்கிரிமென்ட்டை வெட்டுவான். அதற்குத்தான் இத்தனை பயம். எழுதவே கேவலமாக இருக்கிறது.

23-6-87, செவ்வாய்

திறந்துவிட்டேன்.

காலை பதினொரு மணி, எல்லாரும் பார்க்க. உள்ளே அறுபத்திரண்டு மனு. ராஜம்மாள் மனு அடியில் இருந்தது. கிராமத்திலிருந்து வந்த விசாரணை அறிக்கை எல்லாம் சரியாக இருந்தது. குறிப்பு எழுதி சாரிடம் நீட்டினேன். சார் என்னைப் பார்த்தார், டிராயரைப் பார்த்தார்.

"நான் பாக்காம கையெழுத்து போட்டுட்டேன்னு சொல்லுவேன்."

"சொல்லுங்க சார்."

போட்டார். அரங்கநாதன் டைப் அடித்தான். ஆபீசர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மொத்தம் நாற்பது நிமிடம். அதில் கார்பன் பேப்பர் தேடினது மட்டும் இருபது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே சிங்கவரம் போனேன். ராஜம்மாள் மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோதானா சார்?"

திட்டியிருந்தால் தேவலை. ஒன்பது வாரத்துக்கு அந்த ஒரு தாள். தனகோட்டிதான் "தண்ணி குடிங்க சார்" என்றாள்.

30-6-87

மீதி அறுபத்தொன்றும் முடிந்தது. திறந்ததுதான் திறந்தாயிற்று.

6-7-87

தனகோட்டி வேலூர் பஸ் ஏறிவிட்டாள். ராஜம்மாள் ஒரு பை வறுத்த மல்லாட்டை கொண்டுவந்தார். லஞ்சம் என்று பேச்சு வரக்கூடாது என்பதால் தடயம் இல்லாமல் உடனே தின்று தீர்த்தோம்.

14-7-87, செவ்வாய்

மெமோ வந்துவிட்டது. யாருடைய உத்தரவின்பேரில் சி சீட்டு டிராயர் திறக்கப்பட்டது? மூன்று நாளில் விளக்கம் தரவும்.

"கவனக்குறைவால் திறந்துவிட்டேன், மன்னிக்கவும்னு எழுதுய்யா" என்றார் ராஜாராம் சார். "எல்லாரும் அப்டித்தான் எழுதுவாங்க. நானே நாலு வாட்டி எழுதியிருக்கேன்."

அறுபத்திரண்டு மனுவைக் கவனக்குறைவால் முடிக்க முடியுமா? உட்கார்ந்து எழுதினேன்: 'யாருடைய உத்தரவும் இல்லை. நானே திறந்தேன்.' கீழே கையெழுத்து, தேதி.

சார் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"இந்த மாரி ஒரு பதில எந்த ஃபைல்லய்யா வக்கிறது?"

"புதுசா ஒண்ணு போடுங்க சார்."

சார் ஆபீசர் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அப்புறம் யாரையும் கேட்காமல், புது அட்டை ஒன்றை எடுத்து நம்பர் போட்டார்.