நான் அழித்த ஒன்பது புள்ளிகள்

டீச்சர்,

எதிர்வீட்டில் காலையிலிருந்து இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாசனை தெருவைத் தாண்டி என் நாற்காலி வரைக்கும் வந்துவிட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்த வந்தாள். "இருக்கட்டும்மா, தொறந்தே கெடக்கட்டும்" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். இந்த வாசனை வந்தால் எனக்கு ஒரு வெள்ளைப் பூவும் நீங்களும்தான் நினைவுக்கு வருவீர்கள் என்று அவளிடம் எங்கே போய்ச் சொல்ல?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டை ஸ்டுடியோவில் எனக்குப் படம் எடுக்கும் வேலை இல்லை. அது முதலாளியின் வேலை. என் வேலை டச்சப். சாய்ந்த கண்ணாடி மேசையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகப்பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாவற்றையும் மூடுவேன். முகத்தில் கரும்புள்ளியாக இருப்பது நெகட்டிவில் வெளிச்ச ஓட்டையாகத் தெரியும். அதைப் பென்சிலால் அடைத்துவிட்டால் பிரிண்டில் முகம் துடைத்த வெண்கலப் பானைதான். நம் சீமையில் பாதிப் பெண்களுக்கு மாப்பிள்ளை அமைந்ததே என் கையால்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு உண்டு. முதலாளியும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.

அப்போதுதான் கல்லூரித் தாவரவியல் துறையின் பழைய காமிராவில் எடுத்த ரோல்களைக் கழுவ நீங்கள் வர ஆரம்பித்தீர்கள். நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. மற்றவர்கள் ரோலில் பிள்ளைகளும் தேரோட்டமும் இருக்கும். உங்கள் ரோலில் இலை, தண்டு, பூ, மறுபடியும் இலை.

"என்ன டீச்சர், இதுல ஆளே இல்லையே?" என்றேன்.

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி, எல்லாரும் இருக்காவ" என்றீர்கள்.

பார்த்தேன். நான் நாங்குநேரிக்காரன், எருக்கஞ்செடிக்குப் பக்கத்திலேயே நடந்து வளர்ந்தவன். அந்தப் பூவின் நடுவில் ஐந்து முனையோடு ஒரு கிரீடம் இருப்பதை உங்கள் படத்தில்தான் முதலில் கண்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி ஒரு பூவைப் பறித்துச் சோதித்தேன். கிரீடம் இருந்தது. நாற்பது வருஷமாக இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் வரும் சனிக்கிழமைகளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். இது ஏன் சுருண்டிருக்கிறது, அதற்கு ஏன் முடி என்று கேட்டுத் தொளைப்பேன். பாதிக் கேள்விக்கு, "எனக்கும் தெரியல, பாக்கணும்" என்பீர்கள். அந்தப் பதில்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்ட மறுவாரம் நீங்கள் ஒரு ரோலோடு வந்தபோது நான் சாப்பிடப் போயிருந்தேன். முதலாளியிடம் கொடுத்து, "முக்கியமான படம், நல்லா வரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டீர்கள். அவரும் அதை அப்படியே என்னிடம் சொன்னார். எங்கள் கடையில் நல்லா வரணும் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கழுவிப் பார்த்தால் பளிச்சென்று ஒரு சின்னப் பூ, முகம் முழுக்கப் பரு. பாவம், டீச்சரின் பூ என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து அத்தனையையும் சுத்தமாக மூடினேன். பிரிண்டைப் பார்த்து முதலாளி என் முதுகில் தட்டினார். மறுநாள் நான் இருட்டறையில் இருந்த நேரம் வந்து வாங்கிப் போய்விட்டீர்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்தீர்கள், புதுக் கண்ணாடியோடு.

"என்ன டீச்சர், கண்ணாடி மாத்திட்டிய?"

"கண்ணு ஏமாத்துது அண்ணாச்சி" என்று ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னீர்கள். மணிமுத்தாறுக்கு மேலே, தண்ணீர் கசியும் பாறையில் அந்தப் பூவைப் பார்த்திருக்கிறீர்கள். காசித்தும்பைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி, நகத்தளவு. புத்தகத்தில் உள்ளது வெறும் வெள்ளை. நீங்கள் பார்த்ததில் கீழ் இதழ்கள் இரண்டிலும் பழுப்புப் புள்ளிகள். அப்படியானால் அது வேறு செடி. உங்கள் ஆராய்ச்சியில் ஒரு முழு அத்தியாயமே அதன் மேல்தான் நின்றது. பறித்து வந்த பூ தாளுக்கிடையில் புகையிலைபோல் கறுத்துவிட்டது. திரும்பப் போனபோது பூக்காலம் முடிந்திருந்தது. மிச்சம் இருந்த சாட்சி அந்த ஒரு படம்.

"படத்துல ஒரு புள்ளி இல்ல. கண்ணு தப்பாப் பாக்கும், படம் பொய் சொல்லாதுன்னு கைடு சொல்லிட்டாரு. அந்த அத்தியாயத்த எடுத்துருதேன்."

என் கையிலிருந்த பென்சிலை மேசைக்கு அடியில் மறைத்தேன். வாய் திறக்கவில்லை. அதைச் சொல்ல இன்றும் கேவலமாக இருக்கிறது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வாரம் முழுக்க, புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த உங்கள் விரல்தான் கண் முன்னால் நின்றது.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "நான்தான் டீச்சர் அழிச்சேன். பருன்னு நெனச்சிட்டேன்."

எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அப்போ எங் கண்ணு நல்லாத்தான் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

பிறகு, "எத்தன புள்ளி?" என்றீர்கள்.

"ஒம்பது. எடது எதழ்ல அஞ்சு, வலதுல நாலு. வலதுல கடேசிப் புள்ளி மட்டும் கொஞ்சம் நீண்டு வால் வச்சிருக்கும்."

உங்கள் குறிப்பு நோட்டைப் புரட்டினீர்கள். அதில் 'புள்ளிகள் உண்டு' என்று மட்டும் இருந்தது. "நான் எண்ணவே இல்லையே. அழிச்ச ஆளுக்கு இம்புட்டு தெரிஞ்சிருக்கு" என்று என்னை ஒரு புதுச் செடியைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள். பஞ்சில் டர்பன்டைன் நனைத்து நெகட்டிவைப் பைய ஒற்றினேன். பென்சில் கரி கரைந்து வந்தது. நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினீர்கள். ஒன்பதும் இருந்தன. அத்தியாயமும் பிழைத்தது.

மறுவருஷம் ஐப்பசியில் என்னையும் என் வீட்டுக்காரியையும் பஸ்ஸில் கூட்டிப்போய் அந்தப் பாறையைக் காட்டினீர்கள். வேட்டி நனைய ஈரத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். கடுகளவு தேனீ ஒன்று புள்ளிக்குப் புள்ளி கால் வைத்து உள்ளே போனது. தேன் இருக்கும் இடத்துக்கு அடையாளம் அது என்றீர்கள். "இத்தனூண்டு ஈக்கு அது தெரியுமா?" என்றேன். "எனக்கும் தெரியல, பாக்கணும்" என்றீர்கள். கடைசி பஸ்ஸை விடப் பார்த்தோம்.

போன மாதம் உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தேன். மாலை போட்டிருந்த படம் எங்கள் ஸ்டுடியோவில் எடுத்தது. கல்லூரி அடையாள அட்டைக்காக நீங்கள் முதன்முதலாக வந்தபோது எடுத்ததைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அப்போது எனக்கு உங்கள் பேர்கூடத் தெரியாது. உங்கள் தம்பி பக்கத்தில் வந்து, "அக்கா நல்லா இருக்காள்லா அண்ணாச்சி, முகத்துல ஒரு குத்தம் இல்ல" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஸ்டுடியோ மூடியபோதே நெகட்டிவ் எல்லாம் போய்விட்டன, டர்பன்டைன் வைத்து ஒற்றிப் பார்க்க வழியில்லை. சின்ன வயதில் உங்களுக்கு அம்மை போட்டிருக்க வேண்டும். இடது கன்னத்தில் இரண்டு தழும்பு, தாடைக்கு மேலே ஒன்று. அந்த ஒன்று மட்டும் நீங்கள் சிரித்தால் ஆழமாகும். மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, டீச்சர்.