நான் தேய்த்துக் கழுவிய தொட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

பெயிண்ட் கம்பெனியில் என்னைக் கழிவுநீர்த் தொட்டி வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதற்குள் வளையல் அளவில் நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் வளையங்கள், மேலே பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். மூன்றாம் நாள் மேலதிகாரி வருகிறார் என்றார்கள். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காதே, தண்ணீரை வடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒவ்வொரு வளையமாகத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். வந்தவர் பாராட்டிவிட்டு வேறு போனார்.

இரண்டே நாளில் வெளியே போகிற தண்ணீரில் மருந்து நெடி. ஆய்வகத்துப் பெண் சோதித்துப் பார்த்து வால்வை மூடிவிட்டாள், ஆற்றில் கலந்தால் மீனெல்லாம் செத்துவிடுமாம். உற்பத்தி நின்றது. பம்புக்காரர்தான் கழிவுநீரை அளவுக்கு மீறித் தொட்டிக்குள் திறந்துவிட்டார் என்று எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒண்ணும் பண்ணலைங்க என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் யோசித்துப் பார்த்தேன். புதிதாக நடந்தது ஒன்றுதான், நான் கழுவியது. நேரே போய், அவரை விட்டுடுங்க, தொட்டியைத் தேச்சுக் கழுவினது நான்தான் என்றேன்.

அந்தப் பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அது அழுக்கு இல்லைங்க, கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கூட்டமா ஒட்டிக்கிட்டு தண்ணியில இருக்கிற விஷத்தைத் தின்னுக்கிட்டிருந்துச்சு என்றாள். கோடிக்கணக்கான வேலைக்காரர்களை ஒரே மதியத்தில் தீர்த்துக்கட்டியிருக்கிறேன். என் வேலையும் போச்சு என்றே நினைத்தேன். ஆனால் அவள், எங்கேயாவது கழுவாம விட்டீங்களா என்று கேட்டாள். தொட்டிக்குப் பின்னால் கையெட்டாத ஒரு வளைவுக் குழாய் இருந்தது. கழற்றினால் உள்ளே விரல் தடிமனுக்குக் கொழகொழ. அழுக்கைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அதைச் சுரண்டி வளையங்களில் பூசி, கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, காற்றுக்குழாய் நிற்காமல் பார்த்து, கைக்குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி பதினெட்டு நாள் கவனித்தோம். பம்புக்காரர் நாலு நாள் என்னோடு பேசவில்லை, ஐந்தாம் நாள் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். நேற்று விஷம் அளவுக்குள் வந்துவிட்டது, வால்வைத் திறந்தாயிற்று. இனிமேல் கேட்காமல் பிரஷ்ஷைத் தொடக்கூடாது என்று எனக்கு எழுத்திலேயே உத்தரவு. குளியலறையைத் தேய்க்கச் சொன்னால் உன் அப்பா, பாவம் அதுங்க வேலை பார்க்குது, தொந்தரவு பண்ணாதே என்கிறார்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் சரியில்லை. கட்டட வரைபடத்தில் தப்பு செய்துவிட்டேன், இன்னும் யாருக்கும் தெரியாது என்றாய். நாளைக்கே உன் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடு கண்ணு. அவர் அறை வாசல்வரை நடப்பதுதான் கஷ்டம், அதற்கப்புறம் குழாயைக் கழற்ற நாலு பேர் வந்துவிடுவார்கள்.

கண் டாக்டரைப் பார்க்க மறக்காதே. நோய்நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நிறைவாக இரு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா