துப்பாக்கிக்குள் ஆட்டுக்கொழுப்பு

புருல்கான்,

கறிச்சாறு அடுப்பில் இருக்கிறது. நான் உன் தம்பி தாலாய் வீட்டுக்குப் போகிறேன்.

வாரண்டியில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த புதுத் துப்பாக்கியை நேற்று நாரின் நகரக் கடையில் திரும்ப வாங்கினேன். அதில் பழுதே இல்லை. கடைக்காரன் உள்ளே சுரண்டி முகர்ந்து பார்த்து, "அண்ணே, இது வேட்டைக்கா, சமையலுக்கா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் பழைய துப்பாக்கிக்குச் செய்ததுபோல நான்தான் ஆட்டு வால்கொழுப்பைப் பூசினேன். குளிரில் அது உறைந்துவிட்டது. ஓநாய் வந்த அன்று வெடிக்காததற்கு அதுதான் காரணம். பதினோரு ஆடு போனது என்னால்தான்.

கொழுப்பைப் பூசும்போதே நீ, "பெட்டியோட வந்த எண்ணெயப் போடுங்க" என்றாய். "உங்க வீட்ல எவன் ஓநாயப் பாத்திருக்கான்?" என்றேன். ஆடுகள் போனதும், துப்பாக்கியை வாங்கித் தந்த தாலாயை, மேய்ப்பர்கள் நடுவே ஏமாற்றுக்காரன் என்று திட்டினேன். அதன்பிறகு அவன் நம் வாசலை மிதிக்கவில்லை.

இன்று அதே ஆட்கள் அவன் பட்டியில் ரோமம் கத்தரிக்கிறார்கள். அவர்கள் முன்னாலேயே உண்மையைச் சொல்லப்போகிறேன்.

துப்பாக்கிப் பெட்டியின் சாவி தேயிலை டப்பாவில் இருக்கிறது. இனி அது உன்னிடமே இருக்கட்டும்.

எசென்

சாப்பாட்டுக்கு மூன்று கிண்ணம் எடுத்து வை. நான் தனியாக வந்தால், ஒன்றும் கேட்காமல் மூன்றாவதை எடுத்துவிடு.